அரை மீசையும் பதினாறு சீட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது,

நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நான் சுகம் என்று எழுதினால் நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும், அதனால் உன் அம்மா சுகம், நான் சாப்பிட்டுவிட்டு அவளோடு சண்டை போடும் அளவுக்கு இருக்கிறேன் என்று திருத்திப் படித்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். முதலில் என் மானம் போன கதையைக் கேள். நேற்று சிலிண்டர் போடுகிறவர் வந்தார். பதினோரு வருடமாக வருகிற மனிதர், கதவைத் திறந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல மீசைக்காரர் இல்லீங்களா, அவர் கையெழுத்துப் போட்டாத்தான் இறக்குவேன்" என்றார். நான்தான் அவர் என்றேன், நம்பவில்லை, நீங்க அவருக்கு அண்ணனா என்று வேறு கேட்டார். கடைசியில் உன் அம்மா வந்து, "அவரேதாங்க, உரிச்ச கோழி மாதிரி நிக்கிறாரு பாருங்க, நம்பி இறக்குங்க" என்று சாட்சி சொன்ன பிறகுதான் சிலிண்டர் வீட்டுக்குள் வந்தது.

நீ போனில் அழுததை அவள் சொன்னாள். என் மீசையை வெட்டிய அந்த வீடியோவை உனக்கு அனுப்பிய புண்ணியவான் யாரோ. "அப்பாவை வச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க, உடம்பு இருக்கிற லட்சணத்துல இதெல்லாம் தேவையா, கிளம்பி என்கிட்ட வந்து பேசாம உட்காரச் சொல்லுங்க" என்றாயாம். அதற்குப் பதில்தான் இது. போனில் என்றால் நீ அழுவாய், நான் உளறுவேன். உட்காருவதைப் பற்றி எனக்குச் சொல்லாதே பாப்பா. குடலில் புற்று என்று தெரிந்த பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்துதான் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் என்னை ஏற்கெனவே சுவரில் படமாக மாட்டிவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். மின்விசிறியில் எத்தனை திருகு இருக்கிறது என்று எண்ணி முடித்து, அதில் ஒன்று தளர்ந்திருப்பதையும் கண்டுபிடித்து, ஏணி போட்டு ஏறி, உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பஸ் பணிமனையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவனை இப்படி வைத்தால் நோய் கொல்வதற்கு முன்பே செத்துப்போவான்.

நாலாவது முறை மருந்து ஏற்றப் போனபோது பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டின் சக்கரம் கீச்சுக் கீச்சென்று உயிரை எடுத்தது. சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, ஒரு கையில் ஊசியோடு குனிந்து முடுக்கிவிட்டேன். ஹெட் சிஸ்டர் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க பேஷண்டா மெக்கானிக்கா" என்று கத்தினார். தாத்தா என்றது சுருக்கென்றது. "ஒரு நாள் பேஷண்ட், மத்த நாளெல்லாம் மெக்கானிக்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன, மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். போக ஆரம்பித்த பிறகுதான் கண் திறந்தது. அங்கே படுப்பவருக்குக் கட்டில் உண்டு, கூட வருகிறவருக்கு ஒன்றும் கிடையாது, மருந்து இறங்க ஐந்து மணி நேரம். ஒரு அம்மா தன் வீட்டுக்காரர் கையைப் பிடித்தபடி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே பழைய பணிமனைக்குப் போனேன். கழித்துப்போட்ட பஸ்களின் சீட்டுகள் பின்பக்கம் மழையில் நனைகிறதே, அதைத் தருகிறோம் என்றார்கள். அடிச்சட்டம் என் பொறுப்பு என்றார் அங்கே இருக்கும் வெல்டர். ஃபோமும் ரெக்சினும் சக்கரமும்தான் வாங்க வேண்டும், பதினாறு சீட்டுக்கு. நன்கொடை கேட்டு அழகாகப் பேச எனக்கு வராது, அதனால் ஒரு சீட்டுக்குப் பணம் கொடுப்பவர் என் மீசையில் ஒரு வெட்டு வெட்டலாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகக் கத்தரித்ததற்காக முடிதிருத்துபவரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன் நான். பழி தீர்க்க இத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, ஒரே நாளில் பதினாறு பெயரும் சேர்ந்துவிட்டது.

அப்புறம்தான் ஸ்கேன் வந்தது. உள்ளே இருப்பது சுருங்கவில்லை, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்று உனக்கும் தெரியும். மருந்தை மாற்றினார்கள், முடி கொட்டும் என்றார்கள். தலைமுடிதானே, அது எனக்கு முன்னாடியே ரிட்டையர் ஆகிவிட்டதே என்று சிரித்தேன். மீசையும் முடிதான் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை வெட்டு என்று பேச்சு, இரண்டு நாள் முன்னால் வியாழக்கிழமை முகம் துடைத்தபோது இடது பக்கம் துண்டோடு வந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று உன் அம்மா கெஞ்சினாள். போகிறதுதான் போகிறது, மிச்சம் இருக்கிறதாவது ஒரு வேலை பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். சனிக்கிழமை பணிமனையில் டயர் அடுக்கின் மேல் ஏறி அரை மீசையோடு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் தலை குனிந்துகொண்டார். "சரக்கு பாதிதான், விலை முழுசு, கத்தரி கொண்டாங்கப்பா" என்றேன். வெல்டர் வெடித்தார், பிறகு எல்லாரும். நீ வீடியோவில் கேட்ட சிரிப்பு அதுதான், நானே கேட்டு வாங்கிய சிரிப்பு. பதினாறாவது பெயர் உன் அம்மா என்பதை மேலே நிற்கும்போதுதான் சொன்னார்கள். "முப்பத்தொரு வருஷமா டீ குடிச்சிட்டு இதைத் துடைக்கவே மாட்டாரு" என்று எல்லார் முன்னாலும் போட்டுக் கொடுத்துவிட்டு வெட்டினாள். உதடு இன்னும் எனக்கு வேணும், பாத்து என்றேன்.

சீட்டுகள் போன வாரம் வார்டுக்கு வந்துவிட்டன. வாளி அம்மா முதல் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, "டிக்கெட் எடுக்கணுமாண்ணே" என்றார். பாப்பா, நான் வரவில்லை. நீ அனுப்பிய உன் ஊர் ஆஸ்பத்திரிக் காகிதத்தை டாக்டரிடம் காட்டினேன், அங்கேயும் இதே மருந்துதானாம். அதை இங்கேயே ஏற்றிக்கொள்கிறேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. நீ வேலைக்குப் போன பிறகு உன் வீட்டில் எந்தத் திருகை நான் எண்ணுவது? இங்கே குழந்தைகள் வார்டில் ஆறு சக்கர நாற்காலி பிரேக் பிடிக்காமல் நிற்கிறது. குடலில் இருப்பவனுக்கு என்னோடு பேச வேண்டுமென்றால் வேலை நேரம் முடிந்து வரட்டும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எனக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். கிளார்க், "ஒரு வருஷத்துக்குப் போடவா, மூணுக்கா" என்று கேட்டுவிட்டு என் கையிலிருந்த சிகிச்சை ஃபைலைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பிறகு பாவம், ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "மூணு போடுங்க சார், வருஷா வருஷம் போட்டோ எடுக்க நான் என்ன சினிமாக்காரனா" என்றேன்.

லீவு கிடைத்தால் வா, ஆனால் அழுவதற்கென்று வராதே. வரும்போது நல்ல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி வா, மறந்துவிடாதே, என்னுடையது தேய்ந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் கோபத்தைக் காட்டாதே, அதற்கு நான் இருக்கிறேன். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
சிலிண்டர்காரருக்கும் அடையாளம் தெரியாத
உன் அப்பா

பி.கு. ஸ்கேனைக் காட்டிய அன்று டாக்டரிடமும் அந்த கிளார்க் கேட்டதையே கேட்க நினைத்தேன், ஒரு வருஷமா மூணா என்று. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அதனால் நான் கேட்கவில்லை.