ஐந்தாவதாக வைத்த தாலிச் செயின்

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. எங்கள் ஆன்லைன் கவரிங் கடையில், நகையைச் செல்போன் கேமராவிலேயே போட்டுப் பார்க்கும் வசதி இன்று வந்தது. முதலில் ஐந்து நகைகளுக்கு மட்டும்தான். கம்மல், ஜிமிக்கி, மூக்குத்தி, நெக்லஸ், தாலிச் செயின் என்று வைத்தேன். நன்றாக விற்பவைதானே.

சரியாக வருகிறதா என்று பார்க்க, நாத்தனார் செல்வி கேமரா முன் நின்றாள். தாலிச் செயின் அச்சு அசலாக அவள் கழுத்தில் கிடந்தது. அந்தப் படத்தையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

மாமியார்தான் முதலில் பதறினார். "ஞாயித்துக்கெழம வேப்பனப்பள்ளியில இருந்து பொண்ணு பாக்க வராங்க. கல்யாணமாவாத புள்ள கழுத்துல தாலியப் போட்டு ஊருக்கே காட்டறியா?"

அழிக்கும் முன் யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தேன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த கல்யாணத் தரகர் பெயர் இருந்தது. இதுவரை அவர் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டு விளக்கலாமா? விளக்கினால் சந்தேகம் கூடிவிடுமோ?

செல்வி மட்டும் பதறவில்லை. "விடுங்கண்ணி, வரலன்னா போறாங்க" என்று சொல்லிவிட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள்.

தாலிச் செயினுக்குப் பதில் எதை வைப்பது என்று யோசிக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. காலையில் ஐந்தாவது நகை தோன்றாமல் நான் உட்கார்ந்திருந்தபோது அவள்தான் சொன்னாள்.

"தாலிச் செயின வைங்கண்ணி. நானே போட்டுக் காட்டறேன். ஸ்டேட்டஸ்லயும் போட்டுடுங்க."

என் போனில் தரகர் நம்பரைப் பதிந்து தந்ததும் அவள்தான்.