எட்டேகால் மணி வேன்

இன்று காலை சயான் சிக்னலில் வேன் நின்றபோது பின் சீட்டில் யாரோ சந்த்ரா ஆரஞ்சு உரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குத் துணையாக வந்த அக்கா. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறாள். தங்கைக்கு இந்தப் பழம் ஆகாது என்பது அப்போதுதான் உறைத்திருக்கும் போல. சுளையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள். "பரவால்ல, தின்னுங்க. ஜன்னல மட்டும் தொறக்காதீங்க" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கும்.

கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு டாக்டர் உனக்குத் தின்னக் கூடாதவை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். தண்ணீருக்கே அளவு வைத்துவிட்டார். ஆரஞ்சைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம். நீ விடுகிற ஆளா? டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது தெருவண்டியில் ஒரு பழம் வாங்கி என் மடியில் போடுவாய். "ஏட்டி, நீ தின்னு. நான் மோந்துக்கிடுதேன்" என்று ஜன்னலை ஏற்றிவிட்டு என் பக்கமாகச் சாய்ந்துகொள்வாய். எனக்கு அந்தப் புளிப்பு அறவே பிடிக்காது. உனக்காக எத்தனை பழம் தின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தாராவியில் ஒரே சந்தில் பிறந்து, ஒரே முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, பத்தாவதோடு நின்றவர்கள் நாம் இரண்டு பேரும். நான் ரெக்சின் பை தைக்கப் போனேன். நீ மாட்டுங்காவில் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனாய். பிள்ளைகளெல்லாம் உன்னை மௌஷி, சித்தி என்று கூப்பிட்டார்கள். எந்தப் பிள்ளை எந்த பில்டிங், எது அழும், எது வாந்தி எடுக்கும், எதன் அம்மா எப்போதும் லேட் எல்லாம் உனக்கு அத்துப்படி. உடம்பு படுத்திய பிறகுதான் அந்த வேலையை விட்டாய்.

செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் உனக்கு இலவசமாகவே டயாலிசிஸ் கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி. நாங்கள் எல்லோரும் இனி கவலையில்லை என்று நினைத்தோம். இரண்டு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை நீ வீட்டிலேயே இருந்தாய். "மெஷின் ரிப்பேரு" என்றாய். அடுத்த வெள்ளியும் மெஷின் ரிப்பேர். பிறகு பார்த்தால் உன் வீட்டுக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாய். உன் கால் உன் செருப்புக்குள் நுழையவில்லை, அப்படி வீங்கியிருந்தது.

செம்பூருக்குப் பை கொடுக்கப் போன நான் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் ஏறிவிட்டேன். "மெஷின் எல்லாம் நல்லாத்தான் ஓடுது. உங்க ஃபிரண்டுதான் வரல" என்றார் நர்ஸ். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் டிக்கெட் வாங்கக்கூட மறந்துபோனேன்.

அன்றைக்கு நம் சந்தே வேடிக்கை பார்க்க நாம் போட்ட சண்டையை இன்னும் சில பேர் சொல்லிச் சிரிக்கிறார்கள். "ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? சாவப் போறியா?" என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. கதவோரமாக உட்கார்ந்தபடி சொன்னாய்: "டயாலிசிஸ் சும்மாதான்ட்டி. போக வர டாக்சிதான் ஆளக் கொல்லுது."

ரயிலில் போகலாம்தான். போகும்போது பாலத்தில் ஏறிவிடுவாய். திரும்பும்போது பி.பி. இறங்கி, கண் இருட்டி, படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாய். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் "சீரியஸா?" என்றுதான் கேட்பார்கள். சீரியஸ் ஆகாமல் இருக்கத்தான் போக வேண்டியிருக்கிறது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? டாக்சிக்கு நான் தருகிறேன் என்றேன். "எத்தன வாரத்துக்குக் குடுப்ப? இதென்ன காய்ச்சலா, நாலு நாள்ல விட?" என்றாய்.

வழியைக் கண்டுபிடித்ததும் நீதான். எட்டு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரைக்கும் அந்த மஞ்சள் வேன் மாட்டுங்காவில் மரத்தடியில் சும்மா நிற்கும். பாவ், அதாவது அண்ணன், என்று நாம் கூப்பிடும் டிரைவர் உள்ளே கால் நீட்டிப் படுத்திருப்பார். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை டயாலிசிஸ். "கணக்கா பொருந்துதுல்லா?" என்று துள்ளினாய். வீங்கிய காலோடு துள்ளியவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேன் முதலாளி சரி என்றார், டிரைவர் பாவும் சரி என்றார். ஆனால் டீசலை யார் போடுவது?

மாட்டுங்காவில் நோயாளிகளுக்கு உதவும் ஒரு டிரஸ்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். செயலாளர் மரியாதையானவர். காபியெல்லாம் கொடுத்தார். மருந்துக்குத் தருவோம், ஊசிக்குத் தருவோம், ஆனால் சவாரிக்குக் கொடுக்க விதியில்லை என்றார். நான் எழுந்துவிட்டேன். நீ எழுந்திருக்கவில்லை.

"ஐயா, மெஷின் செம்பூர்ல இருக்கு. சீக்காளி தாராவியில இருக்கான். நடுவுல இருக்க ரோட்டுக்கு யாரு குடுப்பா?"

நீ நர்ஸைக் கெஞ்சி எழுதி வாங்கி வந்திருந்த தாளை மேசைமேல் வைத்தாய். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் யார் யார் எத்தனை நாள் வரவில்லை என்ற தாள். வராத ஒவ்வொருவரிடமும் நீயே போன் செய்து காரணம் கேட்டிருந்தாய். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். வண்டி இல்லை. அடுத்த திங்கட்கிழமை வேன் புறப்பட்டது. டீசலையும் டிரைவர் சம்பளத்தையும் டிரஸ்டே நேராக முதலாளிக்குக் கொடுத்துவிடும் என்று ஏற்பாடு.

எட்டேகால் மணி வேன். நீ, தோல் பட்டறை காதர் பாய், மாட்டுங்காவில் தனியாக இருக்கும் ரிட்டயரான பேங்க் மாமா, கோலிவாடாவிலிருந்து கைக்குழந்தைக்காரி செல்வி. நான்கு பேருக்கும் துணையாக நான். என் பை தையலெல்லாம் மத்தியானத்துக்கு மேல் தள்ளிப்போனது. பிள்ளைகள் உட்காரும் சீட்டில் காதர் பாயின் முழங்கால் தாடையைத் தொட்டது. மாமா கடைசி சீட்டில் ஏறிக்கொண்டு, "நேக்கு எப்பவுமே லாஸ்ட் பெஞ்ச்தான்மா" என்றார். நீ விடுவாயா? பெயர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுத்தாய். எழுபது வயது மனுஷர் கையைத் தூக்கி "பிரசென்ட் மிஸ்" என்றதும் டிரைவர் பாவ் ஸ்டியரிங்மேல் சாய்ந்து சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் ஸ்கூல் வேன் புத்தி ஸ்கூல் வேன் புத்திதானே? பிள்ளைகளுக்கு நீ வைத்திருந்த சட்டம், இரண்டு நிமிஷம் பார்ப்பது, வராவிட்டால் வண்டியை எடுத்துவிடுவது. வராத பிள்ளை வீட்டில் இருக்கும், அதன் அம்மா பார்த்துக்கொள்வாள். ஒரு மழை நாள், வெள்ளிக்கிழமை. நைன்ட்டி ஃபீட் ரோட்டில் காதர் பாயைக் காணோம். போனை அவர் மகன் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. "சலோ தாயி, லேட் ஹோ ரஹா ஹை" என்று அவசரப்படுத்தினார் டிரைவர். நீ கடிகாரத்தைப் பார்த்தாய். "அவுக ஜும்மாவுக்குப் போகணும்னு நின்னுட்டாக போல. எடுங்க" என்றாய். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

முழங்கால் தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் சந்திலிருந்து வெளியே வந்திருக்கிறார். வேன் போய்விட்டது. டாக்சிக்காக மகனைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டி ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள்.

பத்து நாள். அந்தப் பத்து நாளும் நீ சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். "நான்லாட்டி எடுக்கச் சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். பிழைத்து வந்து அவர் மறுபடி வேனில் ஏறியபோது உன்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் உன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நாலு நிமிசம்தாம்மா லேட்டு. அடுத்த தடவ நேரத்தோட வந்துருதேன்" என்றார். தப்பை அவர் தன்மேல் போட்டுக்கொண்டார். நீ செம்பூர் வரை அழுதுகொண்டே வந்தாய். நானும்தான்.

மறுநாளே சட்டத்தை மாற்றினாய். வராதவர் குரலைக் காதால் கேட்காமல் வண்டி நகரக் கூடாது. அவர் போன் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு நம்பர், அதுவும் இல்லாவிட்டால் நான் இறங்கிச் சந்துக்குள் ஓட வேண்டும். திரும்பும்போது யார் வீடு பக்கம் என்று பார்க்கக் கூடாது, யாருக்கு அன்றைக்குத் தலை சுற்றுகிறதோ அவர் வீடு முதலில். "நாம பிள்ளைங்கள கொண்டு போகலட்டி" என்றாய். இப்போது இரண்டு வேன் ஓடுகிறது. சான்பாடாவிலிருந்து ஒரு கூட்டம் வந்து எப்படி நடத்துகிறோம் என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறது. இந்த இரண்டு சட்டத்தைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

இனி நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேறு கதை பேசி இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

வேன் ஓடத் தொடங்கிய பிறகு மூன்று வருஷம் ஒரு நாள் தவறாமல் போனாய். கடைசியில் கிட்னி இல்லை, இதயம்தான் உன்னை விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் பத்து மணிக்கு எடுப்பதாக முடிவானது. உன்னைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, உனக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டிவிட வேண்டியவள் நான். வேறு யார் இருக்கிறார்கள்? காலையில் மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் காதர் பாய் வந்து நின்றார். பின்னாலேயே மாமா, செல்வி. மூவரும் விடிந்ததும் கிளம்பி வந்திருக்கிறார்கள். வேன் ரோட்டில் நிற்கிறது, காலியாக.

"இன்னைக்கு ஒரு நாள் போகலன்னா ஒண்ணும் ஆயிராதும்மா. தங்கச்சிய அனுப்பி வச்சிட்டு வெள்ளிக்கிழமை போய்க்கிடுதோம்" என்றார் காதர் பாய். முகம் ஏற்கெனவே ஊதியிருந்தது.

எனக்கு என்ன வந்ததோ. இழவு வீடு என்றும் பார்க்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பீங்களா?" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தார்கள். "என்ன பொம்பளடி இவ" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. போங்கள் என்று சொன்னால் அவர்கள் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் முதலில் ஏறினால்தான் ஏறுவார்கள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உன் வீட்டுக்காரர்தான் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். "நீங்க போங்க மதினி. அவ இருந்தா இந்நேரம் உங்கள வெரட்டிருப்பா" என்றார்.

உன் முகத்தைக்கூட இன்னொரு தடவை சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தால் போயிருக்க மாட்டேன்.

பத்தேகாலுக்கு நான் செம்பூரில் காதர் பாய் கட்டில் பக்கத்தில் நின்றேன். ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். "எடுத்துருப்பாக" என்றார். ஊசி போடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பி வந்து சேர்ந்தபோது சந்தைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

உயிருக்கு உயிராகப் பழகியவள் கடைசியில் முகம் காட்டாமல் போய்விட்டாளே என்று உன் சொந்தக்காரர்கள் இன்றும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. எனக்கும் உறுத்தல் இருக்கிறது, அது போகவும் வேண்டாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். எழுதி வந்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

உன்னை எடுத்த அன்று உன்னோடு இருக்காமல் போனவள் நான். அந்த மூன்று பேரும் இன்று காலையும் வந்தார்கள்.