நூற்றுப் பதினேழாம் நம்பர் ராசா

மச்சான்,

நேற்று தெரணியகலையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒருவர் ஒட்டுப்பால் மூட்டையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சிரட்டையிலும் மரப்பட்டையிலும் காய்ந்து கிடக்கும் ரப்பர் பாலை உரித்துக் கட்டிய மூட்டை. அந்த நாற்றத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூட்டையைப் பின்னால் தள்ளும்படி கண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டார். "பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும்" என்று நானும் சிங்களத்தில் சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எனக்கு அந்த நாற்றத்தில் உன் முகம் வந்துவிட்டது, தாடியோடு.

ரப்பர் பாலைத் தடவித்தானே உனக்குத் தாடி ஒட்டுவோம். காய்ந்த பிறகு பிய்த்தெடுக்கும்போது உன்னுடைய சொந்த மயிரும் கூடவே வரும், நீ ராசா என்பதை மறந்து என் பரம்பரையையே திட்டுவாய். உன் கிரீடமும் ரப்பர் ஷீட்டில் வெட்டி, சிகரெட் பெட்டியின் மினுக்குத் தாளை மேலே ஒட்டியதுதான். வெயில் ஏற ஏற ராசாவின் தலையிலிருந்து ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டு வாடை கிளம்பும்.

நீ போய் ஒரு வருஷமாகிறது. திவசத்துக்கு உன் வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டேன், அதில் குறையில்லை. ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. செய்யக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போன ஒன்றைச் செய்யச் சொன்னவன் நான்தான். முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டு.

பெல்மதுளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் உன் மகள் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கொப்பியோடு என்னைத் தேடி வந்தாள். நாடகப் போட்டி வருகிறதாம்.

"மாமா, பிள்ளைகளுக்கு நம்ம வாசல் கூத்தைப் பழக்கப் போறேன். கதைய மொதல்ல இருந்து சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

கடல் தாண்டி வந்த நம்ம பெரியவர்கள் புத்தகமில்லாமல் மனசிலேயே கொண்டு வந்த கூத்தை நானும் அப்படியே சொன்னேன். ஒரு ராசா போருக்குப் போகிறார். போகுமுன், தக்க சாட்சி இல்லாமல் யாரையும் கோட்டைக்குள் விடக் கூடாது என்று வாசல்காரனுக்குக் கட்டளையிடுகிறார். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கந்தலும் தாடியுமாகத் திரும்பி வருகிறார். அவருடைய வாசல்காரனே அவரை மறிக்கிறான். "யார் நீ?" என்று மூன்று தடவை கேட்கிறான். முதல் தடவை ராசா தன் குலத்தைப் பாடுகிறார், கதவு திறக்கவில்லை. இரண்டாம் தடவை தான் வென்ற நாடுகளைச் சொல்கிறார், அதற்கும் திறக்கவில்லை. மூன்றாம் தடவை சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் அழுகிறார். அந்த அழுகைக் குரலை உள்ளே இருந்து அடையாளம் கண்டு ராணி பாடுகிறாள், கதவு திறக்கிறது.

எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிட்டு உன் மகள் என்னைப் பார்த்தாள்.

"அந்த நம்பர் எங்க மாமா வரும்?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "அப்பா சாகிறதுக்கு முன்னுக்கு ஒண்ணு சொன்னாங்க. எப்பயாச்சும் கூத்தைப் போட்டீன்னா என் நம்பரை மட்டும் போடாத, அது பிழைன்னு. என்ன மாமா செய்ய?"

அந்தப் பிழையை நீ எப்படி மறக்கவில்லையோ நானும் அப்படித்தான். மாசி மாதம், ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் காலம். பால் வெட்டு குறைவு, மழையும் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு, பெரட்டுக் களத்தில் பட்டப்பகலில் கூத்து. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற அதே களத்தில்தான் நம் கோட்டை வாசலும் நின்றது. கணக்கப்பிள்ளை ஐயா நம்பரைக் கூப்பிடுகிற படிக்கட்டில் நான் வாசல்காரனாக ஈட்டியோடு நின்றேன். ராணி வேஷம் நம்ம கூத்து மாஸ்டர். அறுபது வயசில் சேலையும் சவரியும் கட்டிக்கொண்டு, தன் பாட்டுக்காகத் திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

நீ வந்தாய். கந்தலில் என்ன அழகாக இருந்தாய் தெரியுமா? நான் ஈட்டியைக் குறுக்கே நீட்டி, மாஸ்டர் பழக்கிய குரலில் "யார் நீ?" என்று அதட்டினேன். நீ குலத்தைப் பாட வாயைத் திறந்தாய். நான் நின்ற படியைப் பார்த்தாயா, என் அதட்டலைக் கேட்டாயா, எனக்குத் தெரியாது. கால் இரண்டையும் சேர்த்து, தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாய்:

"நூத்திப் பதினேழு, ஐயா."

தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் உன் நம்பர். தினமும் காலையில் அதே இடத்தில் நீ சொல்கிற நம்பர்.

களமே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நான் இன்னொரு கூத்தடித்தேன். ஈட்டியைத் தூக்கி, கதவைத் திறந்து, உன்னை உள்ளே விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி பாக்கி. அழுகை பாக்கி. ராணி பாட்டு மொத்தமும் பாக்கி. ராசா உள்ளே வந்து எதிரில் நிற்பதைப் பார்த்த மாஸ்டர், திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றார். அரை மணி நேரக் கூத்து அந்த இடத்தில் காணாமல் போனது. ஒரு மாதம் அவர் நம் இருவரோடும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் பீலிக்கரையில் தேங்காய் எண்ணெய் போட்டு உனக்குத் தாடி உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாய்: "நான் தான் ஒளறிட்டேன். நீ ஏன்டா கதவத் தொறந்த?"

"நம்பர் சரியாத் தானே இருந்துச்சு" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. பீலியில் விழும் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாய். பிறகு சொன்னாய்: "வருசம் பூரா நான் நம்பர் மச்சான். அந்த ஒரு நாள் தான் ராசா. அன்னைக்கும் நம்பரைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னுட்டேன்."

அதோடு நீ வேஷம் கட்டுவதை விட்டுவிட்டாய். எத்தனை பேர் வந்து கெஞ்சியும் மசியவில்லை. உனக்குப் பிறகு ராசாவாக வந்தவர்கள் முதலில் குலத்தைத்தான் பாடினார்கள், சனங்கள் விடவில்லை. "நூத்திப் பதினேழு எங்க?" என்று கத்தினார்கள். ஆக, வேறு வழியில்லாமல் ஒவ்வொரு ராசாவும் உன் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் தன் குலத்தைப் பாட வேண்டியதாயிற்று. அந்த இடம் நெருங்கும்போது நீ எழுந்து வெற்றிலை வாங்கப் போய்விடுவாய். சனங்கள் உன்னைக் கேலி செய்வதாகவே கடைசி வரை நினைத்தாய்.

அது கேலியில்லை மச்சான். படிக்கட்டில் நின்ற எனக்கு எல்லாரும் தெரிந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "எண்பத்தி நாலு. என்னையும் உள்ள விடு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று நம்பர்கள் கேட்டன. நீ அதற்குள் திரைக்குப் பின்னால் மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாய். இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ ஏற்கனவே நொந்துபோயிருந்ததால், இதையும் கேலியாக எடுத்துக்கொள்வாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். என் தப்புகளிலேயே பெரியது அதுதான், கதவைத் திறந்தது அல்ல.

உன் மகளுக்குப் பதில் சொல்ல ஒரு கிழமை எடுத்துக்கொண்டேன். செத்தவனின் சொல்லை மீறுவது சும்மா காரியமா? ஆனால் யோசிக்க யோசிக்க உன் பேச்சே உனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. வாசல் கூத்தை விட்டவன் நீ, ஆனால் போகிற இடமெல்லாம் அதைப் பார்த்தவனும் நீதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என் வீட்டம்மா பார்க்கிற சிங்களத் தொடர் நாடகத்தில், வெளிநாட்டிலிருந்து இளைத்துப்போய் வந்த மகனை பங்களா செக்யூரிட்டி மறித்தபோது, "பாரு, நம்ம வாசல்காரன் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறான்" என்றாய். பிறப்புச் சான்றிதழுக்குக் அரசாங்கக் கந்தோரில் நாம் இருவரும் நாள் முழுக்க நின்றபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டாம் தடவையாக நம் பேரைக் கேட்டதும், "இன்னும் ஒரு தரம் கேப்பா, அழுக ரெடியா இரு" என்று என் காதில் சொன்னாய். வங்கிக்குப் போன் எடுத்தால் ஒரு மெஷின் குரல் ஊர் பேர் எல்லாம் கேட்கிறதே, அதற்கும் வாசல்காரன் என்றுதான் பெயர் வைத்தாய்.

அந்தத் தொடரை எழுதியவருக்கு நம் கூத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. தன் வீட்டு வாசலிலேயே யாரென்று கேட்கப்பட்டவன் எந்தக் காலத்திலும் இருக்கிறான், அவனுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய கூத்து சாகாமல் இருப்பதற்கு அதன் ராசா, கோட்டை, பாட்டெல்லாம் காரணம் என்றுதான் மாஸ்டர் நம்பினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாராவது ஒருவன் தன் வாழ்க்கையை அதற்குள் தெரியாத்தனமாகக் கொட்டிவிடுகிறான், அதனால்தான் அது அடுத்த ஆளுக்கும் பிடித்துப்போகிறது. நம்ம தோட்டத்தில் அந்த ஆள் நீ.

"நம்பரைப் போடும்மா. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று உன் மகளிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது.

போட்டியன்று காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மண்டபம் நிறையப் பிள்ளைகள், தமிழும் சிங்களமும். நம் கோட்டை வாசல் அங்கே ஒரு மேசையும் கம்ப்யூட்டருமாக மாறியிருந்தது. வாசல்காரனாக வந்த பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. என் ஈட்டிக்குப் பதில் அவளிடம் ஒரு ரப்பர் முத்திரை. ராசாவாக வந்தது ஒல்லியாக ஒரு பெண் பிள்ளை, பாடசாலைச் சீருடைக்கு மேலே கிழிந்த சால்வை. மேசைக்காரி நிமிர்ந்து பார்க்காமல் "யார் நீ?" என்று கேட்டாள். ராசா பேசாமல் நிற்கவும், "ஒயா கவுத?" என்று சிங்களத்திலும் கேட்டாள். மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்தது உன் நம்பர். நான் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ராசா கால்களைச் சேர்த்து, தலையைக் குனிந்து, ஒரு நம்பர் சொன்னாள். நூற்றுப் பதினேழு இல்லை. எட்டு இலக்கமோ என்னவோ, நீளமான நம்பர். எனக்குப் பிடிபடுவதற்குள் பிள்ளைகள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது, பிறகு திடீரென்று நின்றது. அந்தப் பிள்ளை நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். மேசைக்காரி பழகாத இடத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, எழுந்து வழி விட்டாள். ஆனால் இந்தத் தடவை ராணி விடவில்லை. வெளியே வந்து முழுப் பாட்டையும் பாடினாள். மாஸ்டரின் ஆத்மா சாந்தியடைந்திருக்கும்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு நிறைய வாள் கொண்டு வந்த பள்ளிக்கூடத்துக்குப் போனது.

வெளியே மரத்தடியில் அந்தப் பிள்ளையைப் பிடித்தேன். "ஏம்மா நம்பரை மாத்திச் சொன்ன?"

அவள் பயந்துபோய் உன் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது என்னோட சோதனைச் சுட்டெண் தாத்தா. கணக்குல பெயிலு, திரும்ப எழுதப் போறேன். டீச்சர் தந்த நம்பரைத் தான் பாடமாக்கினேன். அங்க தலையைக் குனிஞ்சதும் என்னோடது வாயில வந்திருச்சு."

உன் மகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, அப்பாட நம்பர் போச்சே."

"போகட்டும்மா. அப்பா கேட்டது அது தானே" என்றேன்.

ஆகவே உன் சொல்லை நான் மீறினேன், அந்தப் பிள்ளை காப்பாற்றிவிட்டாள். உன் நம்பர் இந்தப் பிள்ளைகளின் வாசல் கூத்தில் இல்லை. அதைக் கேட்டு நீ தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் ராசா வாய் தவறித் தன் சொந்த நம்பரைச் சொல்கிற இடம் இருக்கிறது, அதை இனி யாராலும் எடுக்க முடியாது. அதை அங்கே வைத்தவன் யார் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும் மச்சான், மிச்ச நாளை நான் சந்தோஷமாகவே கழித்துவிடுவேன். எல்லாரும் சிரித்த நேரத்தில் உனக்குக் கதவு திறந்துவிட்டவன் நான் அல்லவா?