சாந்தாவின் பாடு

பழவேற்காடு

அன்பு மகள் வித்யாவுக்கு, உன் நைனா எழுதுவது. இங்கே நான், அம்மா, புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட பூனை மூவரும் சுகம், அதிலும் பூனைதான் பரம சுகம், மீனில் நல்ல துண்டு இப்போது அதற்குத்தான் போகிறது. சிங்கப்பூரில் நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அன்று போனில் நீ அழுதபோது நான் ஏதோ வேடிக்கை பேசினேன், அது எடுபடவில்லை. வாயால் சொன்னால் எனக்கு இளிப்புதான் வருகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆபீஸ்காரர்கள் உங்களைச் சேவைக்கு என்று கம்போடியாவுக்கு அழைத்துப்போனதும், அந்த அநாதை இல்லத்துப் பிள்ளைகள் உன் மடிக்கு அடித்துக்கொண்டதும், நீ நம் ஏரியில் வலை போட முறை வைப்பதுபோல ஆளுக்கு ஒரு நாள் பாடு வைத்ததும் கேட்டு முதலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடு வந்த பிள்ளைக்கு அன்று முழுக்க உன் மடி, சாயங்காலம் தலைப்பின்னல். கடைசிப் பாடு சாந்தாவுக்கு, பெயர்கூட நம் தெருப் பிள்ளைகளின் பெயர் மாதிரி. புயல் வருகிறது என்று உங்களை ஒரு நாள் முன்னாலேயே வண்டி ஏற்றிவிட்டார்கள். அந்தக் குட்டி தலைக்குக் குளித்து வந்து நின்று, அழாமல், வண்டி ஜன்னலில் சீப்பை மட்டும் நீட்டியது என்றாயே. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை வித்யா. தொப்பை குறைகிறது என்று உன் அம்மா சந்தோஷப்படுகிறாள்.

மனம் கேட்காமல் நேற்று ஊர்க்கூட்டத்தில், ஒருத்தர் பாடு தவறிப்போனால் இன்னா வழி என்று கேட்டேன். நம் தலைவர் சகாதேவன், உன் பாடு முடிஞ்சி நாலு நாள்கூட ஆவல, அதுக்குள்ள அடுத்ததுக்கு அடிபோடுறியானு கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சகாதேவன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, காத்தடிச்சோ சாவு வுழுந்தோ ஒருத்தன் பாடு தவறிச்சினா நாம அப்பிடியே வுட்டுடுறமா, முறை கையில வெச்சிருக்கறவன் எவனாவது வுட்டுத் தர்றதுதானே நம்ம வழக்கம், பாடு வெச்சது நம்ம ஊர்ப் பொண்ணாச்சேனு சொன்னார்.

கையில் முறை வைத்திருப்பவன் யார் என்று வீடு வரும்வரை யோசித்தேன். நான்தான். மூன்று வருஷம் கழித்து இந்தப் பொங்கலுக்கு நீ வாங்கியிருக்கும் லீவு எங்கள் பாடு. அம்மா உனக்காக இறால் கருவாடு காயவைத்து ஜாடி நிறைத்துவிட்டாள், பக்கத்து வீட்டு ரங்கம்மாள் நீ மாப்பிள்ளையோடு வருவதாக ஆரம்பாக்கம் வரை கதை கட்டிவிட்டாள், நான்கூட ரகசியமாக மீசைக்கு மை வாங்கி வைத்தேன். அந்தப் பாட்டை விட்டுக்கொடுப்போம் என்று உன் அம்மாவிடம் திண்டாடித்தான் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. ஆய்ந்த மீனையே மறுபடி கழுவினாள், பிறகு மறுபடி. கடைசியில், போய் ஒக்காந்து நிதானமா வாரி வுட்டுட்டு வரச் சொல்லு, சிக்கு இருந்தா நுனியிலேர்ந்து எடுக்கணும், அவ எங்கியாச்சும் மேல இருந்து இழுத்துறப் போறாள்னு சொன்னாள்.

அதனால் பொங்கலுக்கு இங்கே வராதே, வித்யா. அங்கே சாந்தாவிடம் போ. இல்லத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள். பிள்ளையை வேறெங்காவது மாற்றியிருந்தால் அங்கேயும் தேடிப் போ. கடைசிவரை இருந்து முடிக்க முடியாத முறையை மறுபடி வைத்துவிடாதே. கருவாட்டைப் பற்றிக் கவலைப்படாதே, பூனை இருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் மடியில் உட்காரும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். சீப்பு எடுத்துப்போக மறக்காதே.

தன் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, நரைத்த மீசையோடு கரையில் நிற்கும்
உன் நைனா