வேலிக்கு இந்தப்பக்கம் வந்த ஹொப்ஸ் கொடி

முழங்கை வரை சிவப்புக் கீறல்கள். எல்லாம் உன் ஹொப்ஸ் கொடியின் வேலை. தண்டு முழுக்கப் பொடிக் கொக்கிகள். தொட்டவனைச் சும்மா விடாது. நீ செத்த பிறகும் உன் கொடிக்குத் திமிர் அடங்கவில்லை, மச்சான். ஒரு காயைப் பிய்த்து உள்ளங்கையில் கசக்கினேன். மஞ்சள் தூள் ஒட்டியது. தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோலும் புது வைக்கோலும் சேர்ந்த மணம். இடது மூக்கில்தான் ஏறியது. வலது மூக்கை நீ உடைத்து அடைத்துவிட்டாய் அல்லவா.

டண்டினோங் என்கிற இந்த அந்நிய ஊரில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு பலகை வேலி. நீ கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து டயர் கடையில் காலம் தள்ளுகிறவன். ஒரு குளிர்கால முடிவில் காய்ந்த இஞ்சி மாதிரி ஒரு வேர்த்துண்டைக் கொண்டுவந்து வேலியோரம் புதைத்தாய்.

“என்னடா இது?” என்றேன்.

“பியரு, மச்சி. இதுலதான் அந்தக் கசப்பும் வாசமும் இருக்கு. கடையில வாங்குறத விட்டுட்டு என் பியரக் குடி.”

உன் ஷெட் கூரையிலிருந்து நீ கட்டிய கயிறுகளில் அது வெறி பிடித்ததுபோல ஏறியது. ஒரு நாள் வேண்டுமென்றே நான் அதை மறுபக்கமாகச் சுற்றிவிட்டேன். மறுநாள் அவிழ்த்துக்கொண்டு தன் பக்கமே சுற்றி நின்றது. “உன்ன மாதிரியேதான், சொன்னா கேக்காது” என்று சிரித்தாய். நீ கிள்ளி எறிந்த இளங்குருத்துகளை என் மனைவி மாலினி தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தாள். சட்டியை வழித்துத் தின்றவனும் நீதான்.

அந்த டிசம்பர் நத்தார்ச் சூட்டில் உன் கராஜில் போத்தல்கள் வெடித்தது ஞாபகம் இருக்கிறதா? நொதித்து முடிவதற்குள் அவசரப்பட்டு அடைத்துவிட்டாய். முதல் போத்தல் வெடித்ததும் பக்கத்திலிருந்தவையும் வரிசையாக வெடித்தன. கண்ணாடிச் சில்லுகள் சுவரில் குத்தின. எனக்கு அது கராஜாகத் தெரியவில்லை. மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். காற்சட்டை நனைந்திருந்தது, அது பியர் இல்லை.

“மச்சி, பியருதான்! பாம் இல்ல!” என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

எழும்பி உன் வாயில் குத்தினேன். உதடு பிளந்தது. விழுந்தவனை இன்னொரு தடவையும் குத்தினேன். நீ கையை ஓங்கவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என் காற்சட்டையைப் பார்த்தாய், பிறகு வேறு பக்கம் பார்த்தாய். அடுத்த கிழமையே போத்தல்களை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு இரும்புப் பீப்பாய் வாங்கினாய். ஏன் என்று நீ சொல்லவில்லை. என் கைக்குப் பயந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஜிம்மி செத்தது. பிள்ளைகள் இல்லாத எங்கள் வீட்டில் அந்த நாய்தான் பிள்ளை. நீ பியர் காய்ச்சிய ஒரு சனிக்கிழமை, மத்தியானம் வேலையால் வந்தபோது முற்றத்தில் கிடந்து மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. தொட்டால் அடுப்பில் வைத்த சட்டிபோலச் சுட்டது. குழாய்த் தண்ணீர் பிடித்தேன், ஐஸ் வைத்தேன். காரில் போகும்போதே கை கால் விறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தது. வைத்தியரின் மேசையில் கிடத்தும்போது உயிர் இல்லை. பக்கத்து வீட்டில் பியர் காய்ச்சுகிறார்கள் என்றதும், ஹொப்ஸ் நாய்க்கு நஞ்சு என்று மிருக வைத்தியர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினால், என் கறிவேப்பிலை மரத்தடியில் நீ காய்ச்சி வடித்த ஹொப்ஸ் சக்கை. பார்லிச் சாறு ஊறி இனித்துக் கிடந்திருக்கிறது.

தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு உன் வளவுக்குள் வந்தேன். அறுவடைக்கு ஆயத்தமாக நின்ற கொடி; காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கயிறுகளை வெட்டினேன். பச்சைக் கூரை மாதிரி முழுவதும் என் தலையில் சரிந்து விழுந்தது. கண்டபடி வெட்டினேன், மிதித்தேன், மண்ணோடு தேய்த்தேன். நீ லுங்கியோடு ஓடிவந்தாய்.

“யோவ், பைத்தியமா உனக்கு?”

“என்ர வளவுக்குள்ள சக்கையைக் கொட்டினது ஆர்? என்ர ஜிம்மியைச் சாகடிச்சிட்டியேடா!”

நீ என் தோளுக்கு மேலால் மாலினி சமைத்துக்கொண்டிருந்த எங்கள் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தாய். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தாய்.

“ஆமா, நான்தான் கொட்டினேன். என்ன இப்ப?”

இடது கையால் உன் கழுத்தைப் பிடித்தேன். பின்னால் மாலினி கத்தினாள். “உள்ள போ!” என்று கத்தியை நீட்டியபடி அவள் பக்கம் திரும்பினேன். அந்த நேரத்தில்தான் உன் குத்து விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. முகம் திரும்பியிருக்கும்போது அடித்த கோழை என்று உன்னை அன்றிலிருந்து பார்த்த இடமெல்லாம் திட்டினேன். காரம் டவுன்ஸ் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நீ முன்னால் நின்றால் வரிசையை விட்டே போனேன்.

போன குளிர்காலம் உனக்கு வேலையிடத்தில் நெஞ்சு அடைத்துவிட்டது. செத்த வீட்டில் கடைசி வரிசையில் நின்றேன், உன் முகம் பார்க்கவில்லை. உன் மனைவி பிள்ளைகளோடு சிட்னியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

வசந்தம் வந்ததும் உன் கொடியின் வேர் வேலிக்கு அடியால் ஓடி, என் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் குருத்து விட்டது. பார்த்ததும் உடம்பு கொதித்தது. கத்தியோடு குனிந்தேன். மாலினி வாசலிலிருந்து ஓடிவந்தாள்.

“இஞ்சருங்கோ, அதில கை வைக்காதேங்கோ. சக்கையைக் கொட்டினது அண்ணா இல்லை. நான்.”

எனக்கு விளங்கவில்லை.

“கறிவேப்பிலை வாடிப்போச்சு, பசளைக்குத் தாங்கோ எண்டு நான்தான் கேட்டனான். அந்த மனுசன் வாளியை வேலிக்கு மேலால தந்தது. நான்தான் கொட்டினனான். அது நஞ்செண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது.”

“இவ்வளவு காலமும் ஏன் வாயைத் திறக்கேல்ல?”

“உங்கட கையில அண்டைக்குக் கத்தி இருந்தது.” என் கையைப் பார்த்தாள். “இப்பவும் இருக்கு.”

அடுத்த நாளே நீ வேலியடியில் அவளிடம் சொன்னாயாம்: “சிஸ்டர், நீங்க வாயே திறக்காதீங்க. அவன் என்னையே திட்டிட்டு இருக்கட்டும்.”

அப்போது எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. உன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினேன். அங்கே வாடகைக்கு வந்திருந்தவர்கள் யன்னலைச் சாத்திக்கொண்டார்கள். என்னிடம் சொல்வதற்கென்ன? நான் அவளை வெட்டியிருப்பேனா? மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்ய வாயைத் திறந்தேன். கையிலிருந்த கத்தியைப் பார்த்து மூடிக்கொண்டேன். நீ அடித்தது உன் கழுத்தை நான் பிடித்ததற்காக இல்லை. பிடித்திருந்தபோது சும்மாதானே நின்றாய். நான் அவள் பக்கம் திரும்பியதற்காக அடித்தாய்.

அந்தக் கிழமை மூக்கை நிமிர்த்த டாக்டரிடம் நாள் குறித்திருந்தேன். போன் எடுத்து வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் என்று மறுமுனையில் பேசிய கிளினிக் பெண்பிள்ளை கேட்டது. வலி பழகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

இன்று அறுவடை. கயிறு கட்டி ஏற்றியது நான், வெட்டுவதற்கு மாலினியைக் கூப்பிட்டேன். கத்தி இப்போது அவளிடம்தான் இருக்கிறது. எங்கே வைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை. கொடி விழுந்ததும் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்து காய் பறித்தோம். எனக்குப் பியர் காய்ச்சத் தெரியாது. சக்கையும் மிஞ்சாது, செத்துப்போக நாயும் இல்லை. காயை வெயிலில் காயவைத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, மச்சான்.

பறித்துக்கொண்டிருக்கும்போது அவள் தலையில் ஒட்டிய ஒரு இலையை எடுக்கக் கையைச் சட்டென்று நீட்டிவிட்டேன். மாலினி முகத்தைப் பின்னால் இழுத்தாள். இத்தனை வருடமும் அவள் அப்படித்தான் இழுத்திருக்க வேண்டும். நீ வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்திருக்கிறாய், நான் பார்க்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். கோணல் மூக்கால் மூச்சு விடும்போது இன்னும் விசில் சத்தம் வருகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் கையை இறக்கிக்கொள்கிறேன்.