பாபினும் காணாமற்போன கைக்குட்டைகளும்

பீளமேடு, கோயம்புத்தூர்
2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.40 மணி

பொருள்: என் கைக்குட்டைகள் காணாமற்போனது குறித்து

அன்புள்ள நண்பருக்கு,

என் மேசைமேல் இப்போது ஒரு கைக்குட்டை கிடக்கிறது. வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் நீலக்கோடு, மூலையில் என் மனைவி தைத்த என் பெயரின் முதலெழுத்து. துணி என்னுடையது என்பதில் ஐயமில்லை. அதிலிருந்து வரும் வாடை மட்டும் என்னுடையதன்று. வறுத்த ஈரலும் ரப்பர் மூடியும் ஈரமான நாயும் கலந்த வாடை அது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்த பின்னரே இந்த வரியை எழுதுகிறேன்.

இதை எடுத்தவர் நீங்கள். எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. இன்று அது உறுதியாயிற்று என்பதைத் தங்களுக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் கைக்குட்டை சென்ற ஆண்டு ஜூன் 4 அன்று காணாமற்போனது. ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை ஆராதனை முடிந்து, உங்கள் நாய் பாபினைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பயிற்சி வகுப்புக்குப் போகும் வழியில் என் வீட்டில் காபி குடித்துவிட்டுச் செல்வது உங்கள் வழக்கம். நீங்கள் போனபின் நாற்காலி முதுகில் போட்டிருந்த கைக்குட்டையைத் தேடினேன். இல்லை. இஸ்திரி போடுகிறவர்மீதுதான் முதலில் ஐயப்பட்டேன். ஜூலை 9 அன்று மற்றொன்று மறைந்தது. அதுவும் ஞாயிறு. இஸ்திரிக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

ஆகவே அடுத்த வாரம் ஒரு கைக்குட்டையை வேண்டுமென்றே நாற்காலியில் போட்டுவிட்டு, சர்க்கரை எடுப்பதுபோல உள்ளே போனேன். திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் கூரையைப் பார்த்தபடி காபியை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"இங்கே ஒரு கைக்குட்டை இருந்ததே, பார்த்தீர்களா?"

"எனக்கெதுக்குங்க உங்க கைக்குட்டை? எனக்குச் சளியே புடிக்கறதில்லீங்களே."

நாம் வேலை பார்த்த நூற்பாலையிலும் நீங்கள் இப்படித்தான். நான் பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளன். நீங்கள் நூற்பு இயந்திரங்களின் மேற்பார்வையாளர். உங்கள் பிரிவிலிருந்து வந்த நூல் அறுந்தால் நான் திருப்பி அனுப்புவேன். நீங்கள் அதே நூல் கோனைத் தூக்கிக்கொண்டு என் கதவருகே வந்து நிற்பீர்கள். "ஏனுங்க லேப்காரரே, சாமியே எறங்கி வந்து நூல் நூத்துக் குடுத்தாலும் ரெண்டாவது சாம்பிள் கேப்பீங்களாட்ட இருக்குது." கேட்பேன் என்றேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை நாம் சேர்ந்தே சாப்பிட்டோம். சாப்பாட்டுக் கூடத்தில் இருபது பேர் இருந்தும், உங்களைத் திருப்பியனுப்பிய ஒருவனோடு நீங்கள் ஏன் உட்கார்ந்தீர்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஊரடங்குக் காலத்தில் உங்கள் வாசலில் வந்து படுத்த நாட்டு நாய்க்குப் பாபின் என்று பெயர் வைத்தீர்கள். வயிறு ஒட்டி, இடை ஒடுங்கி, நூல் தீர்ந்த பாபின் கட்டை போலவே இருந்தது. பெயரை மட்டும் ஏற்றுக்கொண்டேன். அதைப் பயிற்சி வகுப்பில் சேர்த்தீர்கள் என்று கேட்டபோது, பணம் பறிக்க யாரோ உங்களைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

"நாய்க்கு எதற்கு வகுப்பு?" என்றேன்.

"பாடம் அதுக்கில்லீங்க, எனக்கு. அது வந்த அன்னைக்கே பாஸுங்க."

ஆகஸ்டு 13 அன்று உங்கள் தொந்தரவு தாளாமல் அந்த மைதானத்துக்கு வந்தேன். வேலியோரம் நின்றுதான் பார்த்தேன். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் தத்தம் நாய்களோடு ஆங்கிலத்தில் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். தாண்டுவதற்குக் குறுக்குக் கட்டைகள், ஏறி இறங்கச் சாய்பலகை, நுழைந்து வெளிவரத் துணிச் சுரங்கம். ஒரு லாப்ரடார் சுரங்கத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ள, அதன் உரிமையாளர் தவழ்ந்து உள்ளே போனார். வெகுநேரம் இருவருமே வரவில்லை. விமானம் ஒன்று தாழப் பறந்தபோது எல்லா நாய்களும் பயிற்சியை விட்டுவிட்டு அண்ணாந்தன. பாபின் உங்களைப் பார்த்தது.

மில்லில் அணிந்த அதே காக்கித் தொப்பியோடு நீங்கள் அதனுடன் ஓடினீர்கள். மற்றவர்கள் "சிட்" என்றும் "ஸ்டே" என்றும் அதட்ட, நீங்கள் "தாண்டுங்க சாமி", "இருங்க சாமி" என்று வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் பேசுவதுபோலப் பேசினீர்கள். பயிற்சி தரும் சுகந்தி என்ற பெண், இடுப்பில் தீனிப் பையோடு, சிரிக்காமல் குறை சொன்னாள்: "அய்யா, கட்டைக்கு முன்னாடி நீங்க நின்னுபோட்டா அதுவும் நின்னுரும்ங்க. உங்க காலத்தானுங்க அது பாக்குது." நாய் கீழ்ப்படிவது பயிற்சியாலா, பையிலிருக்கும் ஈரலாலா என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னாள்: "நீங்க மில்லுக்குப் போனது வேலை மேல இருந்த பிரியத்துலயா சார், சம்பளத்துக்கா?" துடுக்கான பெண்.

கிளம்பும்போது பாபின் என்னிடம் வந்தது. என் கையை நெடுநேரம் முகர்ந்தது. பிறகு என் எதிரே அமர்ந்து என்னையே பார்த்தது. நீங்கள் சுகந்தியைப் பார்த்தீர்கள். அவள் உங்களைப் பார்த்தாள். இருவரும் சிரித்தீர்கள். என்னைக் கேலி செய்கிறீர்கள் என்றே நினைத்தேன். அன்று மாலை உங்கள் தொலைபேசி அழைப்பை எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் இங்கே எழுதியாக வேண்டும். அந்த நாள்களில் உங்கள் கால்சட்டை இடுப்பில் தொளதொளத்தது. கேட்டேன். "நாயோட ஓடறனுங்க, அதான் எளச்சுட்டேன்" என்றீர்கள். வாழ்நாளெல்லாம் எதையும் இரண்டாவது சாம்பிள் கேட்காமல் ஏற்காத நான், அந்த ஒரு வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டேன். நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, உங்கள் அடக்கத்துக்கு வந்திருந்த மருத்துவர் சொல்லித்தான் மே மாதமே உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அறிந்தேன்.

பாபினைச் சுகந்தி தன் இடத்தில் வைத்துக்கொண்டாள். கனடாவிலிருந்து வந்த உங்கள் மகன் அதிக நாள் தங்க முடியவில்லை. பல்லடத்தில் ஒரு கோழிப் பண்ணைக்குக் காவல் நாய் வேண்டுமென்று யாரோ சொல்ல, அவன் அங்கே பேசி முடித்தான். "அங்கிள், ஆள் வரும்போது நீங்க பக்கத்துல இருந்து ஒப்படைச்சா எனக்கு நிம்மதி" என்றான். அந்த நாள்தான் இன்று.

காலையில் மைதானத்துக்குப் போனேன். பண்ணைக்காரர் சரக்கு ஆட்டோவுடன் முன்பே வந்திருந்தார். வண்டியில் தீவன மூட்டைகள். அவற்றின்மேல் ஒரு புதுச் சங்கிலி. நாயை அவிழ்த்துவிடுவீர்களா என்று கேட்டேன். "கோழி இருக்கற எடத்துல எப்படீங்க அவுத்து உடறது? சங்கிலி நல்ல நீளமுங்க" என்றார். பொய் சொல்லாத மனிதர். அவரை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை.

அப்போதுதான் சுகந்தி உள்ளே போய் ஒரு கண்ணாடிச் சீசாவைக் கொண்டுவந்தாள். அதற்குள் என் கைக்குட்டைகள்.

"அய்யா இத உங்ககிட்டக் குடுக்கச் சொல்லியிருந்தாருங்க சார். மோந்து கண்டுபிடிக்கற வெளையாட்டுக்கு வேற ஒருத்தரோட துணி வேணும்னு கேட்டேன். அவரு உங்க கைக்குட்டையக் கொண்டாந்தாரு. ஒண்ணு போதும்னு சொன்னனுங்க. வாசம் போயிரும்னு புதுசு புதுசாக் கொண்டாந்தாரு. பெட்டி பெட்டியா வெச்சு, உங்களுத எதுல இருக்குதுன்னு பாபின் காட்டோணும். வேற யாரோட துணியும் வேண்டாம்னுட்டாருங்க."

"எதற்காக?"

"நானும் கேட்டனுங்க. 'நேராக் கேட்டா லேப்காரரு காரணம் கேப்பாரு. நாயே போயிக் கேக்கட்டும்'னாரு."

நான் நம்பவில்லை. இறந்தவர் சொன்னதாக எதையும் சொல்லலாம். நாய் தன்னிடமே இருந்தால் மாதாமாதம் செலவு, சங்கிலியில் போனால் மனவருத்தம். இரண்டையும் தவிர்க்க ஒரு கிழவன் தலையில் கட்டுகிறாள் என்றே தோன்றியது. அதை அவளிடமே சொன்னேன்.

"அப்ப நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்" என்றாள்.

சோதனை என்ற சொல்லுக்குப் பின் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் சைகை காட்டிவிடக் கூடாது என்று வேப்பமரத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். மூடியில் துளையிட்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்தேன். வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் கைக்குட்டைகள் வாங்கி மற்றப் பெட்டிகளில் இட்டேன். என்னுடையதை ஒன்றில் இட்டேன். பெட்டிகள் புழுதியாக இருந்தன. ஒவ்வொன்றையும் தோளில் கிடந்த என் துண்டால் சுத்தமாகத் துடைத்தேன். நாயை அவிழ்த்துவிடும் பொறுப்பை நடுநிலையானவர் என்று பண்ணைக்காரரிடம் கொடுத்தேன்.

"நானுங்களா? என்னன்னு சொல்லோணும்?"

மரத்துக்குப் பின்னாலிருந்து சுகந்தியின் குரல் வந்தது: "தேடுங்க சாமின்னு சொல்லுங்கண்ணா."

"நாயவா சாமிங்கறது?" என்று முனகிவிட்டுச் சொன்னார்.

பாபின் முதல் பெட்டியில் மூக்கை வைத்தது. உட்காரப்போய் எழுந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதற்குப் போய், முதலாவதற்குத் திரும்பி, நடுவில் நின்று திணறியது. தோற்றுவிட வேண்டுமென்று நினைத்து வைத்த சோதனைதான். தோற்கப்போகிறது என்றபோது துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அது தலையை உயர்த்திக் காற்றை முகர்ந்தது. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தது. என் பாதத்தின்மேல் அமர்ந்து, முழங்காலில் தாடையை வைத்தது.

"சோதனை தோல்வி" என்று அறிவித்தேன்.

சுகந்தி திரும்பி வந்தாள். "எந்தப் பெட்டியுங்க காட்டுச்சு?"

"எதுவும் இல்லை. என்னிடம் வந்துவிட்டது."

"பெட்டியெல்லாம் பளபளன்னு இருக்குது. யாருங்க தொடச்சது?"

"நான்தான்."

"எதுலீங்க?"

துண்டைக் காட்டினேன். காட்டிய கணத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சோதிப்பவன் வெறுங்கையால் சாம்பிளைத் தொடக் கூடாது என்று பரிசோதனைக்கூடத்துச் சுவரில் எழுதி மாட்டியவன் நான். எல்லாப் பெட்டியிலும் என்னையே பூசிவிட்டு, என்னைக் கண்டுபிடி என்று அந்த வாயில்லா ஜீவனைக் கேட்டிருக்கிறேன். அது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஆளிடமே வந்துவிட்டது.

சுகந்தி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பண்ணைக்காரர்தான் கேட்டார்: "அப்ப நாயி வராதுங்களா?"

"வராது. உங்கள் வண்டி காலியாகப் போகும்படி ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும்."

"காலியா எங்கீங்க போகுது, தீவனம் இருக்குதுல்ல" என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். உங்கள் மகனிடம் மதியமே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "பாபின் உங்ககிட்டத்தான் வரும்னு அப்பா அப்பவே சொன்னாருங்க அங்கிள், நான் நம்பல" என்றான்.

ஆக, இது உங்கள் ஏற்பாடு. மனைவி போனபின் இந்த வீட்டில் நான் யாரோடும் பேசுவதில்லை என்பதைக் காபி குடித்துக்கொண்டே கவனித்திருக்கிறீர்கள். என் அனுமதியின்றி, என் பொருளைத் திருடி, ஒரு நாய்க்கு என்னைப் பாடமாக்கியிருக்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிராணிகள் இல்லத்தைக் குப்பையாக்கும் என்ற என் கருத்திலும் மாற்றமில்லை. வந்த ஒரு மணி நேரத்தில் கால்மிதி இடம் மாறியிருக்கிறது. இப்போது மேசைக்கடியில் படுத்திருக்கிறது. தூங்குவதுபோல் பாவனை, ஒரு கண் திறந்திருக்கிறது.

வரும் ஞாயிறு, பிப்ரவரி 18, ஆராதனைக்குப் பின் இந்த மடலைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து உங்களிடம் வைப்பேன். பிறகு இருவரும் வகுப்புக்குப் போகவேண்டும். ஓட என்னால் ஆகாது. முகர்ந்து தேடும் விளையாட்டில் மட்டும் சேர்வதாகச் சுகந்தியிடம் சொல்லியிருக்கிறேன். "தொடைக்கத் துண்டு கொண்டுவராதீங்க சார்" என்றாள். அவளை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

இந்தப் பத்தியை எழுதுமுன் முகம் துடைக்கச் சட்டைப்பையைத் தொட்டேன். கைக்குட்டை இல்லை. காலையில் நானே மடித்து வைத்தது. இம்முறை ஐயப்பட இஸ்திரிக்காரர் இல்லை, நீங்களும் இல்லை. குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். தாடைக்கடியில் வைத்திருக்கிறது.

எடுக்கவில்லை. இருக்கட்டும்.

இப்படிக்கு,
லேப்காரன்

இணைப்பு:
1. கைக்குட்டை ஒன்று (மேசைமேல் கிடந்தது; துவைக்கப்படாதது).
2. தங்கள் காக்கித் தொப்பி (சுகந்தி கொடுத்தனுப்பியது).
3. பாபினின் கயிறு: இணைக்கப்படவில்லை. பயன்பாட்டில் உள்ளது.