எண்ணெய் கொடுக்கக்கூடாத மாடு

மொன்ட்ரியால்-நோர்
10 நவம்பர் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவும் நானும் சேர்ந்து எழுதிய கடிதத்தைப் போன கிழமை தபாலில் போட்டோம். எல்லோரும் சுகம் என்று அதில் இருக்கும். இது வேறு கடிதம். குளியலறைக் கதவைப் பூட்டி, காற்றாடியைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். அந்தச் சத்தத்தில் தாள் புரளுவது அப்பாவுக்குக் கேட்காது. பதிலைக் கோயிலில் பாட்டுப் படிக்கும் மாக்கிரட் அன்ரியின் விலாசத்துக்குப் போடுங்கள். அவ ஒன்றும் கேட்கமாட்டா.

அப்பா வேலை செய்வது பால் விற்கும் பண்ணையில் இல்லை. அது ஒரு ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே நாலு மாடுகளுக்கு இடது விலாவில் ஓட்டை போட்டு றப்பர் மூடி பூட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து கையை விட்டால் நேரே இரைப்பைக்குள் போகும். முதல் நாள் நான் சத்தி எடுத்தேன். மாடு தன் பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டு நின்றது.

செலீன் என்ற மாணவி தன் பட்டத்துக்காக இதைச் செய்கிறா. மூன்று மாடுகளுக்குத் தீனியில் எண்ணெய் கலக்க வேண்டும்: ஒன்றுக்குச் சூரியகாந்தி, ஒன்றுக்கு ஆளிவிதை, ஒன்றுக்கு மீன் எண்ணெய். நாலாவது மாடான பதினாலாம் நம்பருக்கு மட்டும் எண்ணெயே கொடுக்கக்கூடாது. அதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற மூன்றையும் பார்க்கிறார்கள். மாட்டின் முதல் இரைப்பை பெரிய பீப்பா மாதிரி என்று செலீன் எனக்குச் சொன்னா. அதற்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்து வைக்கோலைச் செரிக்கவைக்கின்றன. எண்ணெய் அவற்றுக்கு நஞ்சு. தப்புவதற்காக அவை எண்ணெயைக் கட்டிக் கொழுப்பாக மாற்றுகின்றன. எந்த எண்ணெய் போனதோ அதற்கேற்ற கொழுப்பு அமிலங்கள் இரைப்பையிலும் பாலிலும் வரும். மனிதரின் இருதயத்துக்கு நல்ல பால் இப்படிக் கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு எழுத வராது. கிழமை நாட்களின் கணக்கை ஒரு மட்டையில் குறித்து வைப்பார். சனிக்கிழமை நான் போய் அதைப் பதிவுத் தாளில் ஏற்றுவேன். தகரத்தில் மிஞ்சும் எண்ணெய் காற்றுப்பட்டுப் பழுதாகிவிடும் என்பதால் கழிவு வாளியில் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவால் அது மட்டும் முடியவில்லை.

"எண்ணெயைக் கொட்டுறதாம். தொண்ணூற்றொண்டிலை, சாமான் தடை நேரம், அரைப் போத்தல் நல்லெண்ணெய்க்கு நான் பூநகரி வரைக்கும் சைக்கிள் மிதிச்சவன்," என்றார். பிறகு பதினாலின் நெற்றியைத் தடவினார். "நாலு பேர் இருக்கிற வீட்டிலை மூண்டு பேருக்குக் குழம்பு, ஒராளுக்குப் பச்சைத் தண்ணியே? என்ன மனுசர் இவங்கள்?" மிஞ்சிய ஆளிவிதை எண்ணெயை அதன் தீனியில் ஊற்றிப் பிசைந்துவிட்டார்.

நான் சிரித்தேன், அம்மா. சிரித்துக்கொண்டே பதினாலுக்கு நேரே சைபர் போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் ஊற்றினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சைபர் போட்டேன்.

இப்போது பதினாலு வைக்கோலைத் தொடுவதில்லை. அதன் இரைப்பைத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தால் ஆளிவிதை எண்ணெயின் அமிலங்கள் நிறைய இருக்கின்றன. பழி ஞானேந்திரன் அங்கிளில் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். காலைத் தீனி அப்பாவுடையது, அதற்கு நான் எழுதிய கணக்கை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பின்னேரத் தீனி அவருடைய பொறுப்பு. கவனமில்லாமல் மாறிக் கொடுத்துவிட்டுத் தன் தாளில் பொய் சொல்லியிருக்கிறார் என்று வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள்.

செலீன் என்னிடம், "சனிக்கிழமைகளில் நீ ஏதாவது கண்டாயா?" என்று கேட்டா. இல்லை என்றேன். அப்பா பக்கத்தில் நின்றார்.

அப்பாவின் தாள் முழுக்க என் கையெழுத்து. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

உங்கள்
றெபேக்கா


விடத்தல்தீவு
16 டிசம்பர் 2007

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதம் ஐந்து கிழமையில் வந்து சேர்ந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கோபத்தில் இல்லை, யாரும் காணக்கூடாது என்று.

கொப்பர் அப்படித்தான். எங்கள் கல்யாண வீட்டில், பலகாரம் சுட்ட தாச்சியைக் கழுவ விடாமல் பக்கத்திலேயே நின்று எண்ணெயை வடித்து எடுத்த மாப்பிள்ளை அவர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வந்த வருசங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இங்கே பகலில் வீட்டிலும் இரவில் பங்கருக்குள்ளும் இருக்கிறோம். என்னை உங்களிடம் எடுக்கிற விசயமாக எம்பசியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மே மாதம் கொழும்பில் நேர்முகம். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் இங்கிருந்து வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கலாம். நேர்முகத்துக்கு முன்னம் அப்பா தன் வேலைக் கடிதத்தை அனுப்ப வேண்டும். வேலை போனால் அரசாங்க உதவிப் பணம் எடுக்க வரும், எடுத்தால் ஸ்பொன்சர் செல்லாது என்று போன வருசம் நீதான் எழுதினாய்.

ஆகையால் நான் வந்து இறங்கும்வரை வாயைத் திறக்காதே. ஞானேந்திரன் ஷெல் விழாத ஊரில் இருக்கிறார். வேறு வேலை எடுப்பார். இந்தப் பாவத்துக்கு நான் பதில் சொல்லுகிறேன், நீ சொல்லத் தேவையில்லை.

உன்னைக் கடைசியாகக் கண்டபோது உனக்குப் பதினொரு வயது. இப்போது உன் சட்டை அளவுகூட எனக்குத் தெரியாது, பிள்ளை.

அன்பு முத்தங்களுடன்
அம்மா றோஸ்மேரி


மொன்ட்ரியால்-நோர்
24 பெப்ரவரி 2008

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. செலீன் மூன்று மாத மாதிரிகளையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறா. எண்ணெய் நின்றதும் மூன்று கிழமையில் பதினாலு பழையபடி தின்னத் தொடங்கிவிட்டது. இப்போது அப்பா மிச்சத்தை வாளியில்தான் ஊற்றுகிறார். ஊற்றும்போது மற்றப் பக்கம் பார்க்கிறார்.

ஞானேந்திரன் அங்கிளுக்கு இந்த நாட்டில் இன்னும் பேப்பர் இல்லை என்பது எனக்கு முன்பு தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அகதி வழக்குத் தோற்று, மனிதாபிமான விண்ணப்பம் போட்டிருந்தார். நிரந்தர வேலையும் நல்ல பெயரும்தான் அதற்கு ஆதாரம். இரண்டும் போனதால் விண்ணப்பத்தையும் மறுத்துவிட்டார்கள். ஏப்ரல் முப்பதாம் திகதி கொழும்புக்கு விமானம் ஏற்றுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஜான்-டலோன் சந்தையில் பெட்டி இறக்குகிறார்.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன்.

"அண்ணை, நான் பிழையாக் குடுக்கேல்லை எண்டு ஒரு சொல்லு எழுதித் தாருங்கோ. லோயர் கேக்கிறார்," என்றார் அப்பாவிடம்.

"பாப்பம், ஞானம்."

"எனக்கு இந்த நாட்டிலை இருந்த ஒரே சாட்சி அந்தப் பதினாலாம் நம்பர்தான். அதுவும் எனக்கு எதிராச் சொல்லிப்போட்டுது," என்று சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். பிறகு அங்கிள் என்னிடம், "பிள்ளை, நீயும் சனிக்கிழமையிலை நிண்டனி. நல்லா யோசிச்சுப் பார், ஏதும் ஞாபகம் வரும்," என்றார்.

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, அவர் போகும்வரை அங்கேயே நின்றேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இப்படி இறங்கும் ஆட்களை என்ன செய்கிறார்கள் என்று பள்ளிக்கூட நூலகக் கணினியில் வாசித்தேன். பிடித்து அடைத்து வைக்கிறார்களாம்.

சொல்லட்டா? ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல் எழுதுங்கள்.

உங்கள்
றெபேக்கா


மொன்ட்ரியால்-நோர்
18 மே 2008

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. ஏப்ரல் இருபத்திரண்டுவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பள்ளி முடிந்து செலீனுக்குப் போன் பண்ணினேன். அவ லவாலிலிருந்து மெற்றோவில் வந்தா. ஸ்டேஷன் வாங்கில் அவவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு ஊற்றினார், எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டுக் கேட்டு எழுதினா. கடைசியில், "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?" என்றா. "என் அம்மா," என்றேன். அதற்கு மேல் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.

அவ லோயருக்குக் கடிதம் கொடுத்தா. ஞானேந்திரன் அங்கிளை ஏற்றவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள்.

அடுத்த திங்கள் அப்பாவின் வேலை போனது. பொய்க் கணக்குக் கொடுத்ததற்காக நிற்பாட்டியதால் வேலையில்லாக் காசும் இல்லை என்றுவிட்டார்கள். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நீ செய்தது சரிதான். ஆனா கொம்மாவை இனி நான் எப்பிடி இஞ்சை கூப்பிடுவன்?" என்றார். அதற்குப் பிறகு என்னுடன் கதைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார்.

மே மாத வாடகைக்கு வழியில்லை. அரசாங்க உதவிப் பணத்துக்கு விண்ணப்பித்தோம். படிவத்தை நிரப்பியது நான்தான். ஸ்பொன்சர் இனிச் செல்லாது என்று எம்பசிக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். அப்பா கையெழுத்து மட்டும் வைத்தார்.

அங்கிள் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. "கொப்பரிட்டைச் சொல்லு, நான் கோவிக்கேல்லை எண்டு," என்றார். படியில் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து, "கோவம்தான். எண்டாலும் அப்பிடிச் சொல்லு," என்றார். நான் சொன்னேன். அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஏசியாவது ஒரு பதில் போடுங்கள்.

றெபேக்கா


முழங்காவிலுக்குக் கிட்ட
11 ஜூன் 2008

மகள் றெபேக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கைக்கு வந்தன. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டுப் பத்து நாள். ஒரு பாதர் வவுனியாவுக்குப் போகிறார், வாகனத்தை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

பெப்ரவரியில் நீ கேட்டது அப்போதே கிடைத்திருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். ஞானேந்திரனின் நிலைமை தெரிந்த பிறகும் அப்படித்தான் எழுதியிருப்பேன். உனக்கு வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

பாஸ் தரும் இடத்தில் எம்பசிக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்கள். நேர்முகம் ரத்து என்று எம்பசி எனக்கு அனுப்பிய கடிதத்தை அவர்கள் தபாலில் பிரித்து முன்னமே பார்த்திருந்தார்கள். கிழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். சனத்தோடு சனமாகக் கிழக்கே நடக்கிறேன். உன் சின்னம்மாவும் பிள்ளைகளும் கூட வருகிறார்கள்.

நீ செய்தது சரியா பிழையா என்று என்னைக் கேட்காதே. ஒரு இடத்தில் ஆறுதலாக இருந்தால்தான் அதை யோசிக்கலாம். இப்போது தண்ணீர் எங்கே, மரம் எங்கே என்று மட்டும்தான் யோசிக்கிறேன். உன்னில் கோபம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எழுதவில்லை.

கொப்பர் கதைக்காவிட்டால் நீ கதை. அவரைத் தனியே விடாதே. பள்ளிக்கூடத்தை நிற்பாட்டாதே.

மேலே ஒரு ஊரின் பெயர் போட்டிருக்கிறேன். நாளைக்கு அங்கே இருக்கமாட்டோம். பதில் எழுதினாலும் எந்த ஊருக்கு என்று போடுவாய்? எழுதாதே, பிள்ளை. நித்திரை கொள்.

அம்மா